குடிக்காத மாமாவுக்கு ஈரல் கேன்சர் ஏன் வந்தது?

கல்லீரல் செல்களுக்கு 'பிரி' என்று உத்தரவு போடும் ஜீன்கள்... அந்த ஜீன்களிலேயே கைவைக்கும் ஒரு வைரஸ்... அதைத் தடுக்க, பிறந்த முதல் நாளில் ஒரு ஊசி!

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. பெண்ணுக்கு மூன்றாம் மாதம். புகுந்த வீடு தி.நகர். தலைச்சன் பிள்ளை என்பதால் இரண்டு வீட்டிலும் ஏக சந்தோஷம். டாக்டரம்மா வழக்கமாக எழுதிக்கொடுக்கிற ரத்த டெஸ்ட்டுகளை எல்லாம் எடுத்தாகிவிட்டது. சாயங்காலம் ரிசல்ட்டோடு வந்த மாப்பிள்ளையின் முகம் சரியில்லை.

"எல்லாம் நார்மல்தான் அத்தை. ஆனா ஹெபடைடிஸ் பி-ன்னு ஒண்ணு, அது மட்டும் பாசிட்டிவ்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"மஞ்சள் காமாலை வைரஸாம்."

"இவளுக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லையே மாப்பிள்ளை!"

தி.நகர் வீட்டில் பேச்சு வேறு மாதிரி போனது. "கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும். நம்மகிட்ட மறைச்சுட்டாங்க" என்றார் மாமியார். பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், பெண்ணையும் அம்மாவையும் கல்லீரல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "உங்க குடும்பத்துல யாருக்காவது ஈரல் கோளாறு இருந்திருக்காம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க அண்ணன் டாக்டர். 52 வயசுல போயிட்டார். ஈரல்ல கேன்சர். காபியைத் தவிர வேற பழக்கமே கிடையாது. ஆனா யாரும் நம்பலை. ரகசியமா குடிச்சிருப்பார்னு பேசினாங்க. அதைக் கேட்டுக் கேட்டு எங்க அண்ணி வெளியிலே வர்றதையே விட்டுட்டாங்க."

இந்தக் குடும்பம் நாம் சொல்ல வந்த விஷயத்துக்காகக் கற்பனை செய்துகொண்டதுதான். ஆனால் இப்படிப்பட்ட கதை கல்லீரல் டாக்டர்களுக்குப் புதிதல்ல. 'ஈரல் கெட்டால் குடிகாரன்' என்று முத்திரை குத்திவிடுவது நம் ஊர் வழக்கம். குடி ஈரலைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் குடிக்காதவர்களின் ஈரலில் புகுந்து, முப்பது நாற்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்து, கடைசியில் கேன்சரில் கொண்டுபோய் விடுகிற ஒரு வைரஸும் இருக்கிறது. அது எப்படி அதைச் செய்கிறது என்பது தெரிந்தால், எப்படித் தடுப்பது என்பதும் தெளிவாகப் புரியும்.

தூங்கும் செல்கள்

நம் உடம்பில் கல்லீரல் ஒரு விசித்திரமான உறுப்பு. தோலின் செல்களும் குடலின் செல்களும் சதா பிரிந்து புதிது புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கும். கல்லீரல் செல்கள் அப்படியல்ல. மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட பிரியாமல் தங்கள் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் அடிபட்டால் கதையே வேறு! 1931-ல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களுக்குள் மீதி ஈரல் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது. மனிதர்களுக்கும் இந்த சக்தி உண்டு. அதனால்தான் இன்று ஒரு அப்பா தன் ஈரலில் ஒரு பகுதியைப் பிள்ளைக்குத் தானம் கொடுத்துவிட்டு, தானும் நன்றாக இருக்க முடிகிறது.

அதாவது, கல்லீரல் செல்லுக்குப் பிரியவும் தெரியும், அளவு வந்ததும் நிறுத்தவும் தெரியும். கேன்சர் என்பது வேறொன்றுமில்லை. பிரியத் தெரிந்து, நிறுத்த மறந்துபோன செல்!

'ரைட், போலாம்' என்பது யார்?

செல்லுக்கு 'பிரி', 'நிறுத்து' என்று சொல்வது அதற்குள் இருக்கும் ஜீன்கள். மரபணு என்கிறோமே, அதுதான்.

நம் சிட்டி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் எப்போதும் சீட்டில்தான் இருக்கிறார். ஆனால் கண்டக்டர் விசில் கொடுத்தால்தான் பஸ் கிளம்பும். செல்லுக்குள் 'கைனேஸ்' என்று ஒரு வகைப் புரதம் உண்டு. அதுதான் டிரைவர். விசில் அடிக்கும் கண்டக்டர்தான் 'சைக்ளின்' என்ற புரதம்.

இந்த சைக்ளினைக் கண்டுபிடித்தவர் டிம் ஹன்ட் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. 1982-ல் அமெரிக்கக் கடலோரத்தில் இருக்கும் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், முள் உருண்டை மாதிரி இருக்கும் ஒரு கடல் பிராணியின் முட்டைகளை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். முட்டை ஒவ்வொரு தடவை பிரிவதற்கு முன்பும் ஒரு புரதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. பிரியும் சமயத்தில் சடாரென்று காணாமல் போனது. மறுபடி சேர்ந்தது, மறுபடி மறைந்தது. சுற்றிச் சுற்றி வருவதால் அதற்கு சைக்ளின் என்று பேர் வைத்தார். அவருக்கும், ஈஸ்ட் செல்களில் பிரிவு ஜீன்களைக் கண்டுபிடித்த லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் இருவருக்கும் சேர்த்து 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் முக்கியமான விஷயம், சைக்ளின் உண்டாவது மட்டுமல்ல. வேலை முடிந்ததும் அது அழிந்துபோவதும்தான். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு புது விசில். ட்ரிப் முடிந்ததும் அதை உடைத்துப்போட வேண்டும். அதற்காகவே சைக்ளின் புரதத்தின் ஒரு முனையில் 'வேலை முடிந்ததும் உடைத்துவிடு' என்று ஒரு முத்திரை இருக்கிறது.

அந்த முத்திரை இல்லாமல் போனால்? விசில் நிற்காது!

பாரிஸில் கிடைத்த துப்பு

1990-ல் அதுதான் வெளியே வந்தது. பாரிஸில் கிறிஸ்டியன் பிரெஷோ என்ற டாக்டரின் குழு, ஒரு நோயாளியின் கல்லீரலில் ஆரம்ப நிலையில் இருந்த ஒரு சின்ன கேன்சர் கட்டியை ஆராய்ந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸின் டி.என்.ஏ. துண்டு ஒன்று, அந்த நோயாளியின் செல்லுக்குள் ஒரு ஜீனின் நடுவிலேயே புகுந்து உட்கார்ந்திருந்தது. அது என்ன ஜீன் என்று தேடிப் பார்த்தால்... சைக்ளின் ஏ! மனிதனின் சைக்ளின் ஏ ஜீன் இன்னதென்று உலகத்துக்குத் தெரிந்ததே அந்த வைரஸின் புண்ணியத்தில்தான்.

மேலும் ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வைரஸின் துண்டு சரியாக அந்த 'உடைத்துவிடு' முத்திரை இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதி வைரஸ், பாதி சைக்ளினாக ஒரு கலப்புப் புரதம் உண்டானது. அது அழியவில்லை. விசில் ஊதிக்கொண்டே இருந்தது. செல்லும் பிரிந்துகொண்டே இருந்தது.

எல்லா நோயாளிக்கும் வைரஸ் இதே ஜீனில்தான் புகும் என்றில்லை. அது கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான இடங்களில் ஒட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் கோடிக்கணக்கான செல்களில், பல வருஷங்களில், ஏதோ ஒன்றில் தப்பான இடத்தில் ஒட்டிவிட்டால் போதும். 2012-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பல நோயாளிகளின் கட்டிகளைப் படித்துப் பார்த்தபோது, வைரஸ் திரும்பத் திரும்பப் புகுந்திருந்த இடங்களில் சைக்ளின் இ என்ற இன்னொரு விசில் ஜீனும் இருந்தது. செல்லுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுக்கும் 'டெர்ட்' என்ற ஜீனும் இருந்தது.

இதோடு, வைரஸ் ஈரலில் இருக்கும் வரை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சண்டையில் ஈரல் செல்கள் சாகும். செத்த செல்லுக்குப் பதிலாகத் தூங்கிக்கொண்டிருந்த செல்கள் எழுந்து பிரிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஜீன்களை முழுசாக நகல் எடுக்க வேண்டும். லட்சக்கணக்கான பக்கங்களைக் கையால் பார்த்து எழுதினால் எழுத்துப் பிழை வராமலா இருக்கும்? குடி, ஹெபடைடிஸ் சி வைரஸ், கொழுப்பு ஈரல் இவையும் கேன்சரில் முடிவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

பிரேக்கையும் பிடுங்கும் பூஞ்சை

விசில் கெட்டுப்போனாலும் பஸ்ஸுக்கு பிரேக் இருக்கிறதே? செல்லிலும் உண்டு. 'பி-53' என்ற ஜீன்தான் முக்கியமான பிரேக். நகல் எடுத்ததில் பிழை தெரிந்தால் செல்லை நிறுத்தும்; திருத்த முடியாத பிழை என்றால் செல்லையே சாகடித்துவிடும்.

இந்த பிரேக்கில் கைவைக்கும் விஷம் ஒன்று நம் சமையலறைக்கே வரலாம். பெயர் அஃப்ளடாக்சின். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, சோளம், மிளகாய் வற்றல், கொப்பரை இவற்றில் உண்டாகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பூஞ்சை பிடித்த வேர்க்கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று அப்புறம் தெரிந்தது. நம் நாட்டிலேயே 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லையில் பூஞ்சைச் சோளம் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு இறந்துபோனார்கள்.

1991-ல் சீனாவிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் கல்லீரல் கேன்சர் கட்டிகளைப் பரிசோதித்தவர்கள் ஆச்சரியப்பட்டுப் போனார்கள். அஃப்ளடாக்சின் அதிகமுள்ள அந்தப் பகுதிகளில், பல நோயாளிகளின் பி-53 ஜீனில் ஒரே இடத்தில், 249-ம் இடத்தில், ஒரே மாதிரியான பிழை! திருடன் கைரேகையை விட்டுவிட்டுப் போன மாதிரி.

வைரஸும் இந்த விஷமும் சேர்ந்தால் கணக்கு கூட்டல் இல்லை, பெருக்கலையும் தாண்டுகிறது. ஷாங்காயில் நடந்த ஆய்வில், அஃப்ளடாக்சின் மட்டும் இருந்தால் கேன்சர் ஆபத்து சுமார் 3 மடங்கு. வைரஸ் மட்டும் இருந்தால் சுமார் 7 மடங்கு. இரண்டும் இருந்தால் ஏறக்குறைய 60 மடங்கு என்று தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு எலியட்ஸ் பீச்சில் வறுகடலை வாங்கவே பயப்படாதீர்கள். நல்ல கடலை நல்ல உணவு. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது, வாயில் போட்டதும் கசப்பது - இவற்றைத் துப்பிவிடுங்கள். 'வறுத்துட்டா சரியாப் போயிடும்' என்று வீட்டில் சொல்வார்கள். சரியாகாது. அடுப்புச் சூட்டுக்கு இந்த விஷம் முழுசாக அழியாது. மழைக்காலத்தில் கடலையையும் மிளகாயையும் காற்றுப் புகாத டப்பாவில் ஈரமில்லாமல் வையுங்கள்.

கீழாநெல்லி என்ன சொல்கிறது?

"இதுக்கெல்லாம் கீழாநெல்லி இருக்கே!" என்று இந்நேரம் உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லியிருப்பார். நம் வீடுகளில் மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பதுதானே வழக்கம்!

இந்தக் கீழாநெல்லியை உலகம் திரும்பிப் பார்க்கவைத்தது நம் ஊர்தான் என்பது பல பேருக்குத் தெரியாது. அடையாறுக்கு அடுத்த தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.முதலியார் முதுநிலை மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் எஸ்.பி.தியாகராஜன். பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானவர். அவரும் அவர் குழுவினரும் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் பொடியும் 30 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-ல் 'லான்செட்' பத்திரிகையில் இது வெளியானது. கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பர்க்!

அப்புறம் என்ன ஆயிற்று? மற்ற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்து அலசிய ஒரு சர்வதேசக் குழு 2011-ல், 'கீழாநெல்லியால் வைரஸ் போகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது' என்று முடிவு சொன்னது. இதில் நம்மவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாட்டி வைத்தியத்தை முறைப்படி பரிசோதனைக்குக் கொண்டுவந்த தைரியம் பெரிய விஷயம். பரிசோதனை சொன்ன பதிலை ஏற்றுக்கொள்வதும் அதே அளவு பெரிய விஷயம்.

அப்படியானால், கீழாநெல்லி சாப்பிட்டு மஞ்சள் காமாலை போனதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோமே? அங்கேதான் ஒரு குழப்பம். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள்தான் நம் ஊரில் காமாலைக்குச் சாதாரணமான காரணம். அவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். ஹெபடைடிஸ் பி அந்த ரகமல்ல. பல பேருக்கு அது கண்ணை மஞ்சளாக்குவதே இல்லை. ஜீனுக்குள் புகுந்து ஒட்டிக்கொண்ட வைரஸ் துண்டைப் பிடுங்கி எடுக்கக்கூடிய இலையும் இல்லை, மாத்திரையும் இன்னும் இல்லை. அதனால்தான் புகுவதற்கு முன்பே தடுப்பது இவ்வளவு முக்கியம்.

40 பேரும் ஒருவரும்

தைவானில் 22,707 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பெரும்பாலும் அரசு ஊழியர்கள். நம் வீட்டு அப்பாக்கள் மாதிரி ஆபீஸ் போய்வருகிறவர்கள். அவர்களில் சுமார் 3,450 பேர் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்தவர்கள். சில வருஷங்களில் 41 பேர் கல்லீரல் கேன்சரில் இறந்தார்கள். அந்த 41 பேரில் 40 பேர் வைரஸ் சுமந்தவர்கள். 1981-ல் இந்தக் கணக்கு வெளியானபோது உலகமே அதிர்ந்துபோனது.

அதே தைவான் 1984-ல் பச்சைக் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பித்தது. அடுத்த பத்து வருஷங்களுக்குள் 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடையே கல்லீரல் கேன்சர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது! லட்சத்துக்கு 0.70 என்று இருந்தது 0.36 ஆனது. ஒரு தடுப்பூசி கேன்சரைத் தடுக்கும் என்பதற்கு மனித குலத்துக்குக் கிடைத்த முதல் நேரடிச் சாட்சி அதுதான்.

நம் நாட்டில் இந்த ஊசியின் விலை ஒரு காலத்தில் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாததாக இருந்தது. 1997-ல் ஐதராபாத்திலேயே தயாரிக்க ஆரம்பித்த பிறகு விலை இறங்கியது. 2011 வாக்கில் நாடு முழுக்க அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஆனால் அதற்கு முன் பிறந்தவர்கள், அதாவது இதைப் படிக்கும் நம்மில் பெரும்பாலோர், தனியாகப் போட்டுக்கொண்டிருந்தால்தான் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் வருஷக் கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

கேன்சர் என்றாலே நமக்கு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்தான் ஞாபகத்துக்கு வரும். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியிலேயே வாழ்நாளைக் கழித்தவர், 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா. வருமுன் தடுப்பதையும் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதையும் அவர் சலிக்காமல் வலியுறுத்தி வந்தார். கல்லீரல் கேன்சருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். வலி, எடை குறைவு, வயிறு வீக்கம் என்று தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் கட்டி பெரிதாகியிருக்கும். சின்னதாக இருக்கும்போதே ஸ்கேனில் பிடித்துவிட்டால் ஆபரேஷன் செய்து எடுக்கலாம். ஊசி வழியாகச் சுட்டுப் பொசுக்கலாம். தேவைப்பட்டால் மாற்று ஈரலும் வைக்கலாம்.

உங்கள் சந்தேகங்கள்

வீட்டில் ஒருவருக்கு பாசிட்டிவ். ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றிக்கொள்ளுமா?
தொற்றாது. கட்டிப்பிடித்தாலும், பக்கத்தில் படுத்தாலும், இருமினாலும் வராது. ரத்தம் மூலமாகவும், உடலுறவு மூலமாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவும். பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டியைப் பொதுவில் வைக்காதீர்கள். உடம்புக்கு வெளியே ஒரு துளி காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். சலூனில் புது பிளேடு, காதுகுத்தில் புது ஊசி என்று தயங்காமல் கேளுங்கள்.

பாசிட்டிவ் என்றால் கேன்சர் நிச்சயமா?
இல்லவே இல்லை. பெரும்பாலோருக்கு வராது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் ஆயுசு முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். ஈரல் சுருங்கியவர்கள், குடும்பத்தில் ஈரல் கேன்சர் வந்தவர்கள், 40 வயது தாண்டிய ஆண்கள், 50 தாண்டிய பெண்கள் ஆறு மாசத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம்.

மாத்திரை இருக்கிறதா?
டெனோஃபோவிர், என்டெகாவிர் என்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. வைரஸ் பெருகுவதை அடக்கி, கேன்சர் ஆபத்தைக் குறைக்கும். எல்லோருக்கும் தேவைப்படாது, டாக்டர்தான் முடிவு செய்வார். தேவைப்பட்டால் நீங்களாக நிறுத்தவே கூடாது. 2018-ல் ஆரம்பித்த தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் சோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஹெபடைடிஸ் சி-யைப் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையிலேயே முழுசாகக் குணப்படுத்தலாம்.

எனக்கு 45 வயது. இப்போது ஊசி போட்டுப் பிரயோஜனம் உண்டா?
உண்டு. முதலில் ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ் என்றால் மூன்று ஊசிகள்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

விசிலை நிறுத்தும் மருந்து வந்துவிட்டதா?
சைக்ளினின் கூட்டாளியான கைனேஸை அடக்கும் மாத்திரைகள் 2015 முதல் மார்பகக் கேன்சருக்குப் பயன்படுகின்றன. கல்லீரல் கேன்சருக்கு அவை வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. இதற்கு இப்போது கொடுப்பவை வேறு வகை மருந்துகள்.

மாமா குடித்த காபியால் ஏதாவது கெடுதலா?
காபிக்கு நல்ல சர்டிபிகேட்தான்! காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் கேன்சர் குறைவாகவே காணப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு 2016-ல் சொன்னது. ஆனால் டம்ளருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டால் கொழுப்பு ஈரலுக்கு நீங்களே வழிவிட்ட மாதிரி. சர்க்கரை வியாதியும் தொந்தியும் உள்ளவர்கள் குடிக்காவிட்டாலும் ஈரலைக் கவனிக்க வேண்டும்.

முதல் 24 மணி நேரம்

மறுபடி மயிலாப்பூர் வீட்டுக்கு வருவோம்.

டாக்டர் சொன்னபடி அம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். பாசிட்டிவ். ஆக, விஷயம் விளங்கிவிட்டது. பாட்டியிடமிருந்து பிரசவத்தில் மாமாவுக்கும் அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து பெண்ணுக்கும். சீர்வரிசை மாதிரி, யாருக்கும் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. பிறக்கும்போதே இந்த வைரஸ் தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 90 பேரிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். வயது வந்தபின் தொற்றினால் 100-க்கு 95 பேரின் உடம்பு தானாகவே அதை விரட்டிவிடும். அதனால்தான் மாமாவுக்கு அது அத்தனை வருஷம் இருந்தது. எந்தச் செல்லில் எந்த ஜீனில் கைவைத்ததோ!

"உங்க அண்ணனுக்கு இது வர்றதுக்குக் குடிச்சிருக்க வேண்டிய அவசியமே இல்லைம்மா. அவர் பிறந்த அன்னிக்கே வந்திருக்கும். உங்க அண்ணிகிட்ட இதை நானே சொல்றேன், கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் தி.நகர் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசினார். "யாரும் எதையும் மறைக்கலை. அவங்களுக்கே தெரியாது. உங்க வீட்டுல எல்லாரும் டெஸ்ட் எடுத்துட்டு ஊசி போட்டுக்குங்க. மருமகளுக்கு வைரஸ் அளவு அதிகமா இருந்தா கடைசி மூணு மாசம் மாத்திரை தருவோம். குழந்தை பிறந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு தொடையில தடுப்பூசி, இன்னொரு தொடையில இம்யூனோகுளோபுலின். அப்புறம் ஆறு, பத்து, பதினாலு வாரத்துல வழக்கமான ஊசி. தாய்ப்பால் தாராளமா கொடுக்கலாம்."

மாமியார் ஒன்றும் பேசவில்லை. பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் "பன்னெண்டு மணி நேரம் ஆகறதுக்குள்ள ஊசி போடணும்னு சொன்னாங்களே, போட்டாச்சா?" என்று நர்ஸை மூன்று தடவை கேட்டவர் அவர்தான்.

போட்டாகிவிட்டது. பாட்டியிடமிருந்து வந்த அந்தச் சீர், இந்தக் குழந்தையோடு நிற்கட்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு 'குடிக்காத மாமா' இருந்தாரா? அப்படியானால் இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் பிரசவம் என்றால், தாய்க்கு நெகட்டிவாகவே இருந்தாலும், முதல் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.